தாசோ கொடுக்காத கைம்மாறு

சபாதோ ஆற்றிலிருந்து பெனவெந்தோ கோட்டை வாசல்வரை, பன்றி மேய்ப்பதில் தாசோவை அடிக்க ஆள் கிடையாது. இதை அவனே நாள் தவறாமல் சொல்லிக்கொள்வான் என்பது வேறு விஷயம். சொன்னதில் பொய் இல்லை. காற்றில் வரும் வாடையை வைத்தே எந்தச் சரிவில் ஓக் கொட்டை உதிர ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். கொம்பை எடுத்து ஊதினால் மலைக்கு அந்தப்பக்கம் மேயும் தலைப்பன்றி காதைத் தூக்கும். அது நடந்தால் மந்தை முழுக்க அதன் வாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரும். எங்கள் ராஜாக்களுக்கு இப்படி ஒரு படை வாய்த்திருந்தால் நாட்டை இரண்டாகப் பிளக்கவேண்டி வந்திருக்காது.

வெர்னாரா ஊர்க்காரன் அவன். அம்மா எங்கள் ஊர்க் கோட்டைத் தலைவர் வீட்டு அடிமை. அப்பா யார் என்று கேட்டவர்களுக்கு அவள் ஆளுக்கொரு பதில் சொன்னாள். ஒன்றையும் யாராலும் சரிபார்க்க முடியவில்லை. பன்றித் தொழுவத்து வைக்கோலில் குட்டிகளோடு குட்டியாக வளர்ந்தான். ஏட்டைத் தொட்டவனில்லை. மூத்த மேய்ப்பர்களிடம் உதை வாங்கி உதை வாங்கித்தான் தொழில் கற்றான். அதையும் பெருமையாகத்தான் சொல்வான்.

ஒரு பனிக்காலத்தில் ஓநாய்கள் கூட்டமாக இறங்கின. மற்ற மேய்ப்பர்கள் மரத்தில் ஏறிக்கொண்டார்கள். தாசோ மட்டும் மந்தையை ஒரு பாறைப் பிளவுக்குள் ஓட்டி, வாசலில் நெருப்பு மூட்டி, விடியும்வரை உட்கார்ந்திருந்தான். அதற்காகக் கோட்டைத் தலைவர் அவனுக்கு விடுதலை கொடுத்தார். எங்கள் வழக்கப்படி நாற்சந்தியில் நிறுத்தி, கையில் ஓர் அம்பைக் கொடுத்து, சாட்சிகள் கேட்கச் சொன்னார்: "நாலு வழி இருக்கு. எது பிடிக்குதோ அதுல போ. இனி உன்னைக் கேக்க ஆள் இல்ல."

தாசோ நான்கு வழியையும் பார்த்தான். பிறகு வந்த வழியே திரும்பினான்.

"ஏன்டா, போகலியா?"

"போறேன்யா. பன்னிங்க காத்துக்கிட்டிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்குத் திரும்பி வந்தவன் பழைய தாசோ இல்லை. அதன்பிறகு யார் முன்னாலும் அவன் முட்டி மடங்கியதே இல்லை. பூசையில் எல்லோரும் முழங்கால் போடும்போது அவன் தூணோடு தூணாக நிற்பான். சாமியாரும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, தூண் ஒன்று கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

ரொதில்தாவைக் கட்டினான். அவள் சுதந்திரக் குடியில் பிறந்தவள், தறியில் கைராசிக்காரி. அவளுக்கு லூப்போ என்று ஒரு தம்பி. வாயைத் திறந்தால் மூட மறந்துவிடுகிற பயல், மற்றபடி தங்கமானவன். தாசோவுக்கும் ரொதில்தாவுக்கும் ஒரே மகள், கெம்மா.

கெம்மாவுக்குப் பால்பல் விழும் வயதில்தான் நாட்டைச் சனி பிடித்தது. பழைய அரசரை அவருடைய ஆட்களே முடித்துவிட்டார்கள். பெனவெந்தோவில் ஒருவர் முடிசூட்டிக்கொண்டார், சலேர்னோவில் இன்னொருவர் முடிசூட்டிக்கொண்டார். இருவரும் கடலுக்கு அப்பாலிருந்து கூலிக்குச் சரசேனியப் படைகளைக் கூட்டிவந்தார்கள். கூலிக்கு வந்தவர்கள் இரண்டு பக்கத்தையும் பாகுபாடில்லாமல் சூறையாடினார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடந்த எங்கள் ஊரில் காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்:

"இன்னிக்கு யாரு ராசா?"

"மத்தியானம் வரைக்கும் பெனவெந்தோக்காரரு. அதுக்கப்புறம் சாமி விட்ட வழி."

அந்தச் சண்டைக் காலத்தில் ஒரு கடும் குளிரில் சலேர்னோ ஆட்கள் பெனவெந்தோவைச் சுற்றி வளைத்தார்கள். வெளிக் களஞ்சியங்களைக் கொளுத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் தோல்வாரை வேகவைத்துத் தின்கிறார்கள் என்று பேச்சு வந்தது. கோட்டைத் தலைவர் கையைப் பிசைந்தார். தாசோ நகரத்தின் பசிக்கென்று மந்தையை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். பன்றிகளின் மணிகளுக்குள் வைக்கோலைத் திணித்தான். பாதையை விட்டுவிட்டு ஓடைகளுக்குள் இறக்கி, மூடுபனியில் நடத்தினான். எதிரிக் கூடாரத்துக்குக் கல்லெறியும் தூரத்தில் மொத்த மந்தையும் கடந்தது, ஒன்றுகூட உறுமவில்லை. தலைப்பன்றியின் வாயில் அவன் தன் ரொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே போனதுதான் காரணம். தலைவன் தின்றுகொண்டே நடந்தால் மந்தை வாய் திறக்காது. அரண்மனையில் இருப்பவர்களுக்கு இது தெரியாது.

நகரம் பிழைத்தது. பனி உருகியதும் முற்றுகை விலகியது. அரசரின் பெயரால் அவருடைய களஞ்சியத் தலைவர் கோட்டை வாசலில் சபை கூட்டினார். வெர்னாராவிலிருந்து நாங்கள் பாதிப்பேர் போயிருந்தோம். களஞ்சியத் தலைவர் தாசோவின் கையில் ஓர் ஓக் கிளையையும் ஒரு பிடி மண்ணையும் வைத்தார்.

"கார்வெல்லா காடு உனக்கும் உன் வம்சத்துக்கும். அரசர் கொடுக்கிறார்."

கார்வெல்லா என்றால் சும்மா இல்லை. பள்ளத்தாக்கிலேயே கொழுத்த ஓக் காடு. ரொதில்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இனி தாசோ செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் லொம்பார்து சட்டத்தில், வாங்கியவன் பதிலுக்குக் கைம்மாறு ஒன்று கொடுத்தால்தான் கொடை உறுதி. இல்லாவிட்டால் கொடுத்தவர் என்றைக்கு வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். கைம்மாறு பெரிதாக இருக்கவேண்டியதில்லை. ஒரு ஜோடி கையுறை போதும், ஒரு சட்டை போதும், இடுப்புவார்கூடப் போதும். ரொதில்தா குளிர்காலம் முழுக்கத் தானே நெய்த துணியில் ஒரு சட்டை தைத்து, மடித்து, மேலாடைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதை எடுத்துக் கணவனின் விலாவில் இடித்தாள்.

"ஏங்க, குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? கைம்மாறுங்க! எல்லாரும் பாக்கறாங்க."

தாசோ குரலைத் தாழ்த்துகிற ஆள் இல்லை. சபை முழுக்கக் கேட்கச் சொன்னான்: "இனாமா வாங்கறவன் கைம்மாறு குடுக்கட்டும். இது என் உழைப்புக்குக் கூலி. கூலி வாங்கிட்டு எவனாச்சும் திருப்பிச் சட்டை குடுப்பானா? அப்படிக் குடுத்தா, நான் பிச்சை வாங்கினேன்னு ஆயிராதா?"

களஞ்சியத் தலைவர் தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சட்டம் தெரியுமா உனக்கு?"

"பன்னி தெரியும்."

"சரி, உன் இஷ்டம்."

அதே சபையில் எங்கள் ஊர் மாயோவுக்கும் ஒரு திராட்சைத் தோட்டம் கிடைத்தது. முற்றுகையின்போது பெனவெந்தோ படைக்கு மலைப்பாதை காட்டியதற்காக. மாயோ வளைந்து, குழைந்து, தன் பழைய கையுறையைக் கழற்றிக் கொடுத்தான். கட்டைவிரலில் ஓட்டை. அந்த ஓட்டையைச் சொல்லிக் கேலி செய்வதைத் தாசோ வாழ்நாள் முழுக்க விடவில்லை.

ஊர் திரும்பும் வழியில் ஆற்றைக் கடந்தபிறகுதான் ரொதில்தா வாயைத் திறந்தாள்.

"ஒரு சட்டைதானேங்க. என் கையால நெய்தது. உங்களதுகூட இல்ல."

"சட்டை பெரிசில்ல புள்ள. குடுக்கறதுக்குக் குனியணும் பாரு, அதான் ஆகாது."

மறுநாள் அந்தச் சட்டையை அவனே போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினான்.

நல்ல வருஷங்கள் வந்தன. கார்வெல்லாவின் பன்றி இறைச்சி என்றால் சந்தையில் தனி மதிப்பு. அந்தக் காட்டை மகளுக்கென்றுதான் வைத்திருந்தான். கெம்மாவுக்கு உர்சோ என்கிற வாட்டசாட்டமான பையன் மாப்பிள்ளையாக வந்ததும் காட்டோரத்தில் அவர்களுக்குக் கல்வீடு கட்டிக்கொடுத்தான். ஒவ்வொரு கல்லையும் தானே சுமந்தான் என்று சொல்வான். பாதிக் கல்லை உர்சோ சுமந்தான்.

ரொதில்தா மட்டும் விடவில்லை. கைம்மாறு பிறகு கொடுத்தாலும் செல்லும், சாட்சிகள் இருந்தால் போதும். "களஞ்சியத் தலைவர் இன்னும் உசுரோடதான் இருக்காரு. ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்" என்று பன்றி வறுக்கும்போது சொல்வாள், ரொட்டி பிசையும்போது சொல்வாள். அவன் அடுத்த வாரம் என்பான். அடுத்த வாரம் வந்தால் குட்டி போடும் காலம் என்பான். பிறகு ஒரு நாள் களஞ்சியத் தலைவர் செத்துப்போனார் என்று செய்தி வந்தது. அன்றைக்கு ரொதில்தா அழுதாள். ஊர்ப்பெண்கள் அவரோடு அவளுக்கு அவ்வளவு பழக்கமா என்று குசுகுசுத்தார்கள்.

தாசோ கவலைப்படவில்லை. திராட்சை ஆலையில் நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"வெர்னாராவுல ராசாகிட்ட நிலம் வாங்கினவன் ரெண்டே பேரு. ஒருத்தன் ஓட்டைக் கையுறையக் குடுத்து வாங்கினான். ஒருத்தன் ஒண்ணுமே குடுக்காம வாங்கினான். எவன் ஆம்பளை?"

"நீதான்ப்பா ஆம்பளை. குடத்தை இந்தப் பக்கம் தள்ளு" என்பான் மாயோ.

எத்தனை சண்டைக்குப்பிறகோ இரண்டு அரசர்களும் களைத்துப்போய் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எல்லைக்கோடு எங்கள் தலைக்குமேலே போனது. வெர்னாரா சலேர்னோ பங்கில் விழுந்தது. கோடு போட்டவர்கள் எங்களைக் கேட்கவில்லை. பன்றிகளையும் கேட்கவில்லை.

அறுவடை முடிந்ததும் சலேர்னோவிலிருந்து ஒரு நியாயாதிபதி வந்தார். போர்க்காலத்தில் பெனவெந்தோ அரசர் கொடுத்த நிலங்களையெல்லாம் விசாரிக்க உத்தரவு. கைம்மாறு கொடுத்து உறுதிசெய்தவை செல்லும், மற்றவை இனி சலேர்னோ அரசருக்கு. கூடவே ஒரு படைத்தலைவனும் வந்திருந்தான். வந்த அன்றே குதிரையை விட்டு இறங்காமல் கார்வெல்லாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டான்.

அன்று சாயங்காலம் தாசோவின் அடுப்படியில் எல்லோரும் கூடினார்கள். உர்சோ முகம் செத்து உட்கார்ந்திருந்தான். கெம்மா வயிற்றில் பிள்ளையோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

லூப்போதான் பேசினான். "மச்சான், கவலைய விடுங்க. நீங்க கையுறை குடுத்ததை நான் பார்த்தேன்."

"நான்தான் குடுக்கலியேடா."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சலேர்னோக்காரனுக்கு எப்படித் தெரியும்? நான் சாட்சி சொல்றேன். இன்னும் ரெண்டு பேர் வர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க. கடைசியில நீங்க சுவிசேஷத்து மேல கைய வெச்சு, 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"ஊருக்கே தெரியுமே" என்றாள் ரொதில்தா. "இவர்தான் வருஷக்கணக்கா தண்டோரா போட்டு வெச்சிருக்காரே."

அப்போது கதவு தட்டப்பட்டது. மாயோ வந்து நின்றான். உட்காரவில்லை.

"நான் பொய்ச்சத்தியம் பண்ண மாட்டேன். எனக்குன்னு ஒரு ஆத்துமா இருக்கு. ஆனா வாயத் தொறக்கவும் மாட்டேன். ஆலையில குடிக்கற எல்லார்கிட்டயும் பேசிட்டேன். எவனும் தொறக்க மாட்டான்." கெம்மாவைப் பார்த்தான். "இது உனக்காக இல்ல தாசோ. அந்தப் புள்ளைக்காக."

தாசோ தலையை ஆட்டினான். நன்றி என்ற சொல் அவனுக்கு வழக்கமில்லை. "உக்காரு, ஒயின் குடி" என்றான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய இறக்கம்.

புனித மிக்கேல் ஆலயத்தின் முற்றத்தில் விசாரணை நடந்தது. ஊரே திரண்டிருந்தது. மாயோவின் தோட்டம் ஒரு நொடியில் முடிந்தது. கையுறை கொடுத்ததைப் பார்த்த சாட்சிகள் முன்னால் வந்தார்கள், தோட்டம் அவனுக்கே என்று தீர்ந்தது. அடுத்து கார்வெல்லா.

நியாயாதிபதி களைத்த, கெட்ட மனமில்லாத மனிதர். "கைம்மாறு கொடுத்ததை யார் பார்த்தது? முதலில் பார்த்ததைச் சொல். பிறகு புத்தகத்தின்மேல் சத்தியம் செய்யலாம்."

லூப்போ முன்னால் வந்தான். நியாயாதிபதி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தரையைப் பார்த்தது. ஆலையில் தாசோவின் பெருமையை ஆயிரம் தடவை கேட்டவர்கள் அத்தனை பேரும் அன்றைக்குத் தங்கள் செருப்பையே முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தேங்கய்யா. மச்சான் கையுறையக் கழட்டிக் குடுத்தாரு" என்றான் லூப்போ.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஊர் முழுக்கத் தன்னையே கவனிப்பது லூப்போவுக்கு அதுதான் முதல் தடவை.

"மண்ணைக் கையில வாங்கினதும் மச்சானுக்குக் கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. உடம்பெல்லாம் நடுங்குது. அப்படியே மடார்னு முட்டி போட்டு, களஞ்சியத் தலைவரோட கால்மாட்டுல கையுறைய வெச்சு, 'சாமி, நான் பன்னி மேய்க்கற நாயி, இந்தக் காட்டுக்கு எனக்கு என்ன தகுதி'ன்னு..."

"எவன்டா முட்டி போட்டது?"

ரொதில்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

லூப்போ குழறினான். "மச்சான்... சும்மா இருங்க..."

"எவன் முட்டி போட்டான்னு கேக்கறேன்! நானா? அந்தத் தொப்பைக்காரன் காலுலயா?"

நியாயாதிபதி கையைத் தூக்கினார். அவர் அவசரப்படவில்லை. தாசோ விழுந்த குழி அவருக்குத் தெரிந்தது. ஏறி வர ஒரு படியும் வைத்துக் கொடுத்தார். "சரி. அப்படியானால் நின்றுகொண்டே கையுறையைக் கொடுத்தாயா? நன்றாக யோசித்துச் சொல்."

ஆமாம் என்ற ஒரே ஒரு வார்த்தை. கெம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாயோ உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆமான்னு சொல்லித் தொலைடா" என்று முணுமுணுத்தது பக்கத்திலிருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது.

ஆனால் தாசோவின் ரத்தம் தலைக்கு ஏறிவிட்டிருந்தது. நாயி என்ற சொல் காதில் இன்னும் ரீங்காரமிட்டது.

"நின்னும் குடுக்கல, உக்காந்தும் குடுக்கல. நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கல. பட்டினியில சாகக் கிடந்த ராசாவுக்குச் சோறு போட்டது நான். அவரு எனக்குக் கைம்மாறு குடுத்தாரு, அதுதான் அந்தக் காடு!"

சொல்லி முடித்த அந்த நொடி அவனுக்குப் பேரானந்தமாக இருந்தது. அடுத்த நொடி நியாயாதிபதி பெருமூச்சு விட்டதைக் கேட்டான். படைத்தலைவன் சிரித்ததைப் பார்த்தான். பிறகு கெம்மாவைப் பார்த்தான். அவள் அழவில்லை. உர்சோவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கனத்த வயிற்றோடு, முற்றத்தை விட்டு மெல்ல நடந்துகொண்டிருந்தாள்.

லூப்போவின் கை இன்னும் புத்தகத்தைத் தொடவில்லை என்பதால் அவன் தப்பினான். கார்வெல்லா தப்பவில்லை.

கொட்டை உதிர்வதற்குள் மந்தையை வெளியேற்றச் சொன்னார்கள். காடில்லாத மந்தையை யார் காப்பாற்றுவது? கொழுக்காத பன்றிகளைச் சீக்கிரமே வெட்டி உப்பிலிட்டார்கள். உர்சோ கெம்மாவை அழைத்துக்கொண்டு சலேர்னோ துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போவதாகச் சொன்னான். மாமனாரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "போயிட்டு வர்றேன் மாமா" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தாசோ திருப்பித் திட்டியிருப்பான், கொஞ்சம் லேசாகியிருக்கும்.

ரொதில்தா மகளைக் கட்டிப்பிடித்து வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். மாட்டுவண்டிக்கு வழித்துணையாக ஆற்றுத்துறைவரை தாசோ நடந்தான். மாயோவும் சேர்ந்துகொண்டான், யாரும் கூப்பிடவில்லை. வழி முழுக்க ஒரு பேச்சைத் தாசோ உள்ளுக்குள் உருட்டிக்கொண்டே வந்தான். துறையில் வண்டி நின்றதும் தான் சுமந்து வந்த மகளின் மூட்டையை ஏற்றிவைத்தான். வாயைத் திறந்தான்.

"சலேர்னோவுல யாராச்சும் கேட்டா தாசோ மகள்னு சொல்லு. பன்னி மேய்க்கற தாசோன்னா அங்கயும் தெரியும்."

"சரிப்பா" என்றாள் கெம்மா.

வண்டி தண்ணீரைக் கடந்து எதிர்க்கரையில் ஏறியது. தாசோ அசையாமல் நின்றான்.

"சொன்னியா?" என்று கேட்டான் மாயோ.

"என்னத்த?"

"வழியெல்லாம் முணுமுணுத்துக்கிட்டு வந்தியே, அதை."

"வரல. தொண்டை கட்டிருச்சு."

"வண்டி இன்னும் மேட்டுலதான் ஏறுது. மாடு ரெண்டும் கிழம். ஓடினா புடிச்சிரலாம். அட, போய்யா."

தாசோ ஆற்றில் ஓர் அடி வைத்தான். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. அங்கேயே நின்றான்.

"அவ ஒரு தடவை திரும்பிப் பாத்தான்னா ஓடறேன்" என்றான்.

வண்டி மேட்டின் உச்சிக்கு ஏறி, ஒரு கணம் அங்கே நின்றதுபோல் தெரிந்து, அந்தப்பக்கம் இறங்கியது.